டிசம்பரில் செங்கோட்டை, தென்மலைப் பக்கம்: கதிர்க்குருவி பார்க்க எங்கே நிற்பது?

அடையாற்றுக்கரை
நவம்பர் 18, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் மூன்றாம் வாரம் நாலு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. தென்காசியில் அறை எடுத்துத் தங்கி செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, பாலருவி, தென்மலை, ரோஸ்மலை, அச்சன்கோவில் என ஏழு இடம் குறித்து வைத்திருக்கிறேன். இருவாச்சியும் தீக்காக்கையும் முந்தைய பயணங்களில் பார்த்தாயிற்று. இந்த முறை கதிர்க்குருவிகளுக்காக (வார்ப்ளர்) மட்டுமே வருகிறேன்.

ஆறு வருஷமாகப் பறவை பார்க்கிறேன். இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் என் பட்டியலில் 'ஏதோ ஒரு இலைக் கதிர்க்குருவி' என்று இனம் தெரியாமல் போட்டவை மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாமே பச்சை, எல்லாவற்றுக்கும் புருவக் கோடு, எதுவுமே இரண்டு நொடி ஓர் இடத்தில் நிற்பதில்லை. எந்த இடத்தில் எது கிடைக்கும், எந்த வரிசையில் போனால் நல்லது? கையில் 8x42 பைனாக்குலர் இருக்கிறது. இதற்காக 10x வாங்க வேண்டுமா?

வால்பாறைச்சாரல்
நவம்பர் 18, இரவு 10.22

வாங்க வேண்டாம். 8x போதும். இந்தக் குருவிகளுக்குப் பெரிதாகத் தெரிவதைவிட அகலமாகத் தெரிவதுதான் முக்கியம். 10x வைத்துக்கொண்டு நீங்கள் கிளையைப் பிடிப்பதற்குள் அது அடுத்த கிளைக்குப் போயிருக்கும். மற்றதை எல்லைப் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள்.

புளியரைவயல்
நவம்பர் 19, காலை 6.15

தம்பி, ஏழு இடத்தில் நாலை வெட்டிவிடுங்கள். முடிந்தால் ஐந்தை.

நான் புளியரையில் பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்குப் பின்னால் வயல் வரப்பில் ஒரு புளியமரம் நிற்கிறது. புரட்டாசி வாக்கில் ஒரு பச்சைக் கதிர்க்குருவி, நீங்கள் எல்லோரும் கிரீனிஷ் என்று சொல்கிறீர்களே அது, அந்த மரத்துக்கு வந்து சேரும். சித்திரை வரைக்கும் அந்தப் புளியும் பக்கத்தில் இருக்கிற ரெண்டு வேம்பும் அதன் ராஜ்ஜியம். இன்னொரு கிரீனிஷ் உள்ளே நுழைந்தால் 'ச்சிஸ்-லி, ச்சிஸ்-லி' என்று துரத்திவிட்டுத்தான் மறுவேலை. கூடு கட்டவோ ஜோடி சேரவோ அது இங்கே வரவில்லை. இரைக்காகத்தான் இத்தனை காவலும். நம் பக்கத்து முண்டந்துறையில் 1990களில் மதுசூதன் கட்டி என்ற ஆய்வாளர் ஆய்வு செய்தது இந்தக் குருவியைத்தான். குளிர்காலம் முழுக்க ஆளுக்கொரு எல்லை பிடித்துக்கொண்டு, குரல் கொடுத்தே அதைக் காப்பது இதன் வழக்கம்.

இது தெரிந்தால் உங்கள் திட்டம் தலைகீழாக மாறிவிடும். நீங்கள் குருவிக்குப் பின்னால் ஓட வேண்டியதே இல்லை. மரம் தெரிந்தால் போதும், இன்றைக்குத் தவறினாலும் நாளைக்கு அதே ஆள் அதே மரத்தில் இருப்பார். ஏழு இடம் போனால் ஏழு இடத்திலும் முதல் பத்து நிமிஷத்துப் பார்வைதான் கிடைக்கும். அந்தப் பார்வையில்தான் உங்கள் பட்டியலில் அந்த நாற்பதும் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது விஷயம், காது. இலைக் கதிர்க்குருவிகளைக் கண்ணால் பிரிப்பதைவிடக் காதால் பிரிப்பது எளிது. குளிர்காலத்திலும் ஓயாமல் குரல் கொடுப்பவை இவை. நம் பக்கம் முக்கியமாக நாலு குரல் தெரிந்தால் போதும்.

கிரீனிஷ்: 'ச்சிஸ்-லி'. இரண்டு அசை, சட்டென்று முடியும்.

கிரீன் வார்ப்ளர்: அதே சாயல்தான், ஆனால் நடுவில் ஓர் அசை கூடுதலாக ஒட்டிக்கொண்டு 'ச்சி-ரி-லி' என்று உருளும்.

பெரிய அலகுக் கதிர்க்குருவி, அதாவது லார்ஜ்-பில்டு: 'டிர்... டீ'. யாரோ விசிலடிப்பது போல இருக்கும். இரண்டாவது சுரம் மேலே ஏறும். ஒருமுறை கேட்டால் மறக்காது.

வெஸ்டர்ன் கிரவுண்டு, அதாவது தலையுச்சியில் சாம்பல் கோடு உள்ளது: 'ச்சிட்-வீ, ச்சிட்-வீ' என்று விடாமல் சொல்லும். பெரும்பாலும் தனியாக இராது, மின்சிட்டு, பசையெடுப்பான் எல்லாம் சேர்ந்து போகிற கலப்புக் கூட்டத்தில் இருக்கும்.

இனி இடம். தென்காசியிலிருந்து தென்மலைக்குப் போகும் சாலையில் கிழக்கே வறண்ட புளி, வேம்பு, தோப்பு. புளியரை வந்ததும் வயலும் தென்னையும் மலையடிவாரமும். கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு இறங்கினால் ஈரக் காடு. முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குள் மூன்று உலகம். கிரீனிஷுக்குக் கிழக்குப் பக்கம் பிடிக்கும். மேற்கே ஈரம் கூடக் கூட கிரீனும் லார்ஜ்-பில்டும் கூடும். எங்கள் ஊர் நடுவில் இருப்பதால் அடிவாரத் தோப்புகளில் இரண்டு பக்கத்துக் குரலும் கேட்கும்.

ஆகவே ஒரு நாள் தென்காசிப் பக்கம் ஒரு புளியமரம், ஒரு நாள் புளியரை, இரண்டு நாள் ஆரியங்காவு. அவ்வளவுதான்.

இன்னொன்று. நீங்கள் வருவது மார்கழி. சபரிமலை வண்டிகள் இரவும் பகலும் இந்த வழியாகத்தான் போகும், ஆரியங்காவு கோவிலிலும் கூட்டம் இருக்கும். மெயின் ரோட்டோரம் நின்றால் ஹாரனைத் தவிர எதுவும் காதில் விழாது. உள்ளே கிளைச் சாலைக்குப் போய்விடுங்கள். காட்டுக்குள் கால் வைக்க வேண்டாம், சாலையில் நின்றாலே எல்லாம் கிடைக்கும். யானை நடமாட்டம் உண்டு, விடிவதற்கு முன் தனியாக நடக்காதீர்கள்.

ஏலத்தோட்டம்
நவம்பர் 19, மதியம் 1.05

அண்ணாச்சி சொன்ன 'டிர்-டீ' எங்கள் வண்டன்மேட்டில் காலை மணி மாதிரி. ஏலக்காய்த் தோட்டத்தில் நிழல் மரம் ஓங்கி நிற்பதால் குருவியைப் பார்ப்பது அபூர்வம், கேட்பது தினமும். நான் சின்ன வயதிலிருந்து இந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஒரு பெயர் உண்டென்று தெரிந்ததே நாலு வருஷத்துக்கு முன்னால்தான். காய் எடுக்க வரும் அக்காமார்களிடம் கேட்டால் "அது மழை விட்டா வர்ற குருவி" என்பார்கள். அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதானே இமயமலையிலிருந்து இறங்கி வருகிறது.

தம்பி, வயலில் நிற்கும்போது கீழேயும் பாருங்கள். புதர் அடியில் யாரோ நாக்கால் சப்புக்கொட்டுவது போல 'ச்செக்... ச்செக்' என்று கேட்டால் அது பிளித் நாணல் கதிர்க்குருவி. பச்சையே இருக்காது, காய்ந்த வாழைச் சருகு நிறம். பெயரில்தான் நாணல், இங்கே இருப்பதெல்லாம் வேலியிலும் செம்பருத்திப் புதரிலும்தான். ஃபின்லாந்து, ரஷ்யா, சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு எங்கள் வீட்டுக் கழிவுநீர் வாய்க்கால் ஓரம் வந்து ஏழெட்டு மாதம் இருக்கிறது. முதலில் வருவதும் இதுதான். ஆவணியிலேயே குரல் கேட்டுவிடும்.

கூடலூர்வாசி
நவம்பர் 19, மாலை 5.48

டைட்லர்ஸ் கதிர்க்குருவி பற்றி யாரும் சொல்லவில்லையே? காஷ்மீர்ப் பக்கத்து மேற்கு இமயமலையில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருவது. அழிவை நெருங்கக்கூடியவை என்ற பட்டியலில் உள்ள குருவி. நீலகிரியில் எனக்கு மூன்று முறை கிடைத்திருக்கிறது, மூன்றும் மேட்டுச் சோலைக் காட்டில். சிறகில் பட்டையே கிடையாது, அலகு ஊசி மாதிரி மெலிந்து நீண்டிருக்கும், குரல் ஒற்றையாக 'ஸூ-ஈட்' என்று இழுக்கும். ஆரியங்காவு தாழ்வான இடம். அங்கே இதை எதிர்பார்த்து வர வேண்டாம், ஆனால் பட்டையில்லாத ஒன்றைக் கண்டால் கிரீனிஷ் என்று அவசரப்பட்டு எழுதிவிடவும் வேண்டாம்.

அடையாற்றுக்கரை
நவம்பர் 19, இரவு 8.30

அண்ணாச்சி, அக்கா, மிக்க நன்றி. ஏழை மூன்றாகக் குறைத்துவிட்டேன். இரண்டு சந்தேகம். கிரீனிஷுக்குச் சிறகில் ஒரு பட்டை என்று படித்திருக்கிறேன். பட்டை இல்லாததையும் கிரீனிஷ் என்று பலர் எழுதுகிறார்களே? அடுத்தது, கிரீனிஷும் கிரீனும் உண்மையிலேயே வேறு வேறு இனமா, பெயரில் மட்டும் வித்தியாசமா?

கூடலூர்வாசி
நவம்பர் 19, இரவு 9.15

முதல் கேள்விக்கு: அந்தப் பட்டை, சிறகின் மேல்பக்கத்தை மூடியிருக்கும் சிற்றிறகுகளின் நுனியில் இருக்கும் மெல்லிய வெளிர் ஓரம். புதிய இறகில் பளிச்சென்று தெரியும், மாதக்கணக்கில் இலையில் உரசி உரசித் தேய்ந்தால் மறைந்துவிடும். அதனால்தான் பட்டையை மட்டும் நம்பக்கூடாது.

இரண்டாவது கொஞ்சம் நீளமான கதை. கிரீனிஷ் திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி ஒரு வளையமாகப் பரவியிருக்கிறது. தெற்கே இமயமலையில் தொடங்கி மேற்குப் பக்கமாக ஒரு கை, கிழக்குப் பக்கமாக ஒரு கை, இரண்டும் வடக்கே சைபீரியாவில் போய்ச் சந்திக்கின்றன. வளையம் நெடுக, பக்கத்துப் பக்கத்துக் கூட்டங்கள் சிறிது சிறிதாகத்தான் வேறுபடும். ஆனால் சைபீரியாவில் சந்திக்கும் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தன் இனமாகவே ஏற்பதில்லை, பெரும்பாலும் இணை சேர்வதில்லை. பாட்டு அவ்வளவு மாறிவிட்டது. பறவையியலாளர் டைஸ்ஹர்ஸ்ட் 1938இலேயே இதைக் கவனித்து எழுதினார். டேரன் இர்வின் குழு 2001இல் பாட்டையும் மரபணுவையும் வைத்து விரிவாகக் காட்டியது. நம் ஊருக்கு வருவது மேற்குக் கையில் இருக்கும் விரிடானஸ் வகை.

கிரீன் என்பது அந்த வளையத்துக்கு வெளியே, காகசஸ் மலை, வடகிழக்குத் துருக்கி, வட ஈரான் பகுதியில் குஞ்சு பொரிப்பது. முன்பு கிரீனிஷின் துணையினமாக வைத்திருந்தார்கள், இப்போது தனி இனம். தொண்டையிலும் கன்னத்திலும் மஞ்சள் பூசியிருக்கும், முதுகுப் பச்சை தெளிவாக இருக்கும். காகசஸிலிருந்து ஆரியங்காவுக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் வந்து தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. உலகத்தில் இதைப் பார்க்க நல்ல இடம் எது என்று கேட்டால் இந்த எல்லைக் காடும் அதில் ஒன்று.

கடல்தாண்டி
நவம்பர் 20, காலை 11.30

இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. சொந்த ஊர் கடையநல்லூர். வேலை காரணமாக ஒரு முறை கோஸ்டாரிகாவில் ஒன்றரை மாதம் இருந்தேன். அங்கே வரும் வார்ப்ளர்கள் வட அமெரிக்காவிலிருந்து இறங்குபவை. நம் கதிர்க்குருவிகளுக்கு உறவே இல்லாத வேறு குடும்பம். படத்தில் மஞ்சளும் கருஞ்சிவப்பும் பார்த்து ஆசையோடு போனேன். நான் போனது ஜனவரியில். செஸ்ட்நட்-சைடட் வார்ப்ளருக்கு விலாவில் செம்பழுப்புக் கோடு என்று புத்தகம் சொல்லும். நான் பார்த்தவற்றில் பல, முதுகு பச்சை, வயிறு சாம்பல், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், அவ்வளவுதான். கோடையில் உடுத்தும் நிறத்தைக் குளிர்காலத்தில் கழற்றி வைத்துவிடுகிறது.

ஆனால் அண்ணாச்சி சொன்னதை அங்கேயும் பார்த்தேன். நான் தங்கிய விடுதித் தோட்டத்தில் ஒரே செஸ்ட்நட்-சைடட் ஒன்றரை மாதமும் அதே மூலையில் இருந்தது. உள்ளூர்க் குருவிகளின் கூட்டம் தோட்டத்தைக் கடக்கும்போது அதோடு சேர்ந்து போகும், தன் எல்லை முடிந்ததும் திரும்பிவிடும். உலகத்தின் இரண்டு பக்கத்தில், உறவில்லாத இரண்டு குடும்பம், ஒரே பிழைப்பு. ஊருக்கு வந்ததும் எங்கள் வீட்டு மாமரத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தேன்.

லென்ஸ்_தென்றல்
நவம்பர் 20, இரவு 7.50

இவ்வளவு சிரமம் எதற்கு? போனில் குரலைப் போட்டு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை மரத்தடியில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் கண் முன்னால் வந்து நிற்கும். படமும் தெளிவாகக் கிடைக்கும். நாலு நாள் மட்டும் இருக்கும் ஒருவருக்கு அதுதான் வழி என்பது என் கருத்து. குஞ்சு பொரிக்கும் காலம் இல்லையே, என்ன பாதிப்பு வந்துவிடும்?

புளியரைவயல்
நவம்பர் 21, காலை 5.55

தம்பி, கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இது என் மனதில் ரொம்ப நாளாக இருப்பது.

பத்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். 7.71 கிராம். ஒரு கிரீனிஷின் எடை ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த உடம்புக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இலை இலையாகப் புரட்டிப் பூச்சி பொறுக்கினால்தான் ராத்திரி தாங்கும். பங்குனி, சித்திரையில் வடக்கே கிளம்ப வேண்டும், அதற்குக் கொழுப்பும் சேர்க்க வேண்டும். அது ஏன் ஸ்பீக்கரிடம் ஓடி வருகிறது? தன் மரத்துக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று நினைத்து வருகிறது. இரை தேடுவதை நிறுத்திவிட்டு, இல்லாத எதிரியோடு சண்டைக்கு வருகிறது. குஞ்சு பொரிக்கும் காலம் இல்லை என்பது சரி. ஆனால் இவற்றுக்குக் குளிர்காலத்திலும் எல்லை உண்டு என்பதுதானே இங்கே பேச்சே.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தங்கும் விடுதியின் ஆள், பெயர் வேண்டாம், ஆறு பேரை அழைத்துக்கொண்டு எங்கள் வரப்புக்கு வந்தார். நான் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தேன். புளியமரத்தடியில் ஸ்பீக்கரை வைத்து அரை மணி நேரம் ஓட்டினார்கள். குருவி தாழ்ந்த கிளைக்கு இறங்கி, சிறகை உதறி உதறி, வாய் ஓயாமல் கத்திக்கொண்டு அங்குமிங்கும் தாவியது. அந்த அரை மணியில் அது ஒரு பூச்சிகூடப் பிடித்து நான் பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகும் வெகு நேரம் கத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் வேறொரு கூட்டம், அதே மரம். "இந்த மரத்தில் நிச்சயமாகக் கிடைக்கும்" என்று பேச்சு பரவிவிட்டது. பிறகு நான் நேரில் போய்க் கேட்டுக்கொண்டேன், இப்போது வருவதில்லை.

குரல் பழக வேண்டுமானால் வீட்டில் கேட்டுப் பழகுங்கள். செனோ-கான்டோ தளத்தில் நூற்றுக்கணக்கில் கிடைக்கிறது. மரத்தடியில் காதை மட்டும் கொண்டு வாருங்கள்.

ஏலத்தோட்டம்
நவம்பர் 21, காலை 9.10

அண்ணாச்சி சொன்னதற்குக் கீழே என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் மருந்தடித்த மறுநாள் காலையில் 'டிர்-டீ' குறைந்துவிடுகிறது. நான் நாட்குறிப்பில் எழுதி வருகிறேன். ஸ்பீக்கரை அணைத்துவிடலாம், இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டு ஒன்றரை ஏக்கரில் மட்டும் குறைத்துப் பார்க்கிறோம்.

லென்ஸ்_தென்றல்
நவம்பர் 21, இரவு 8.05

குளிர்கால எல்லை பற்றி எனக்குத் தெரியாது. அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. இனி இவற்றுக்குப் போடமாட்டேன். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பயன்படுத்தலாமா? அது கேட்க மட்டும்தானே செய்கிறது?

வால்பாறைச்சாரல்
நவம்பர் 21, இரவு 8.40

தாராளமாக. ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதாதீர்கள். எனக்குத் தையல்சிட்டு கத்தும்போது கிரீனிஷ் என்று காட்டியிருக்கிறது. பதிவு செய்து வைத்துக்கொண்டு நீங்களே திரும்பக் கேளுங்கள். பட்டியலோடு குரல் பதிவையும் இ-பேர்டில் ஏற்றினால் சரிபார்ப்பவர்களுக்கும் உதவி.

அடையாற்றுக்கரை
டிசம்பர் 27, இரவு 10.15

போய் வந்துவிட்டேன். சொன்னபடி மூன்றே இடம்.

முதல் நாள் தென்காசிக்கு வெளியே குளத்தங்கரைப் புளியமரம். அரை மணியில் 'ச்சிஸ்-லி' காதில் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் விடியற்காலை அண்ணாச்சி வரப்புக்குப் போனேன். முதல் நாளிரவு மழை, வரப்பெல்லாம் சேறு. அண்ணாச்சி வீட்டு ஆச்சி ஒரு சாக்கைக் கொடுத்து, "கழுத்தை வளைக்காதீரும், மல்லாந்து படும்" என்றார்கள். தோப்போரமாகச் சாக்கை விரித்துப் படுத்தேன். முதல் ஒரு மணி நேரம் இலையும் வானமும்தான். அப்புறம் கண் பழகிவிட்டது. காற்றில் ஆடும் இலை எது, குருவி தொட்டு ஆடும் இலை எது என்று பிரியத் தொடங்கியது.

ஏழேகால் மணிக்கு மேற்குப் பக்கத்து மாமரத்திலிருந்து 'டிர்... டீ'. இரண்டாவது சுரம் அக்கா சொன்ன மணி மாதிரியே ஏறியது. பைனாக்குலரை எடுக்காமல் குரல் வந்த கிளையையே பார்த்தேன். என் தலைக்கு மேல் பத்தடியில் இறங்கி வந்தது. ஓர் இலையின் அடிப்பக்கம் தலைகீழாகத் தொங்கி, சுருண்டிருந்த இலை நுனியைக் கொத்தி ஒரு பச்சைப் புழுவை உருவியது. கிளையில் இரண்டு முறை அடித்து விழுங்கிவிட்டு, அலகை இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு. அந்த மூன்று நொடி நின்றது. கருத்த உச்சி, அகலமான கருங்கண்பட்டை, அதற்கு மேல் நீண்ட புருவம், அலகு கருத்து நுனியில் லேசாக வளைந்து, கீழ்த் தாடையின் அடி மட்டும் வெளிர் ஆரஞ்சு. இத்தனை வருஷமாகப் படத்தில் பார்த்த அலகு.

ஆரியங்காவில் இரண்டு நாளும் ஒரே வளைவில் நின்றேன். ஐயப்பசாமிகள் வண்டிச் சத்தம் அங்கே வரவில்லை. வெஸ்டர்ன் கிரவுண்டு இரண்டு நாளும் காலை ஒன்பதை ஒட்டி மின்சிட்டுக் கூட்டத்தோடு வந்தது. உச்சி நடுவே சாம்பல் கோட்டைக் கீழிருந்து பார்க்க முடியவில்லை, அது தலையைக் குனிந்தபோது ஒரே ஒரு முறை தெரிந்தது. 'ச்சி-ரி-லி'யும் கேட்டேன், பதிவும் இருக்கிறது. மஞ்சள் தொண்டையைச் சரியாகப் பார்க்கவில்லை. பதிவை நாளை இங்கே போடுகிறேன், கூடலூர் அண்ணன் கேட்டுச் சொல்லும்வரை பட்டியலில் ஏற்றமாட்டேன்.

மொத்தம் ஐந்து இனம், பிளித்தையும் இன்னும் உறுதியாகாத கிரீனையும் சேர்த்து. வந்ததும் அடையாற்றில் எங்கள் அடுக்ககத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றேன். 'ச்சிஸ்-லி' என்று கேட்டது. மூன்றாவது மாடி உயரத்தில், கிழக்குக் கிளை.

புளியரைவயல்
டிசம்பர் 28, காலை 6.02

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்தக் கிழக்குக் கிளையில் என்றைக்குக் கடைசியாகக் கேட்கிறது என்று சித்திரையில் இங்கே எழுதுங்கள். நானும் என் மரத்துக்கு எழுதுகிறேன். எது முதலில் கிளம்புகிறது என்று பார்ப்போம்.

கூடலூர்வாசி
டிசம்பர் 28, காலை 7.30

பதிவை அனுப்புங்கள், ஹெட்போன் போட்டுக் கேட்கிறேன்.